கத்திக்கு முன்னால் ஒன்றரை வருடம்

செங்கல்பட்டு மாவட்டம் தனியாகப் பிரிந்தது 2019 நவம்பர் 29 அன்று. வயதில் சின்ன மாவட்டம்தான், ஆனால் பல் மருத்துவக் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகும் வழியில் இரத்தினமங்கலத்தில் தாகூர், கேளம்பாக்கத்தில் செட்டிநாடு, ஜி.எஸ்.டி. சாலையில் பொத்தேரியில் எஸ்.ஆர்.எம்., மதுராந்தகத்துக்கு முன்னால் சின்னக்கொளம்பாக்கத்தில் கற்பக விநாயகா, இன்னும் தெற்கே மேல்மருவத்தூரில் ஆதிபராசக்தி. கல்லூரி என்றால் பல்லை வரிசைப்படுத்தும் துறையும் தாடை அறுவைத் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கும். தாடையை வெட்டி நகர்த்தும் சிகிச்சைக்கு இந்த இரண்டு துறைகளும் அவசியம். மாமல்லபுரத்திலிருந்தோ திருக்கழுக்குன்றத்திலிருந்தோ புறப்படுகிறவர் இதற்காகச் சென்னை நகருக்குள் நுழைய வேண்டியதே இல்லை.

வருகிறவர்களின் கேள்விகள் பெரும்பாலும் ஆபரேஷனைச் சுற்றியே இருக்கும். எவ்வளவு நேரம் ஆகும், தழும்பு தெரியுமா, எத்தனை நாளில் வேலைக்குப் போகலாம்? இவற்றுக்கு ஆறுதலான பதில்கள் உண்டு. பெரும்பாலும் வாய்க்குள்ளேயே கீறுவதால் முகத்தில் தழும்பு தெரியாது. மேல், கீழ் இரண்டு தாடைகளையும் நகர்த்தினால்கூட சில மணி நேர வேலை. ஆனால் அந்தச் சில மணி நேரத்துக்கு முன்னால் பன்னிரண்டிலிருந்து பதினெட்டு மாதம் கிளிப் போட்டிருக்க வேண்டும், அந்தக் காலத்தில் கடி சரியாவதற்குப் பதில் இன்னும் கோணலாகும் என்று சொல்லும்போதுதான் முகம் மாறுகிறது. தாடை அறுவையில் பலர் தோற்றுப்போவது ஆபரேஷன் மேஜையில் அல்ல, அதற்கு முந்திய இந்தக் காத்திருப்பில்தான். பாதியில் விடுகிறவர்கள், அவசரப்படுகிறவர்கள், எதற்காகச் செய்துகொள்கிறோம் என்று யோசிக்காமலே நாள் குறித்துவிடுகிறவர்கள் என இதில் பல வகை.

கடி என்றால் என்ன என்பதைச் சாப்பாட்டில் பார்த்துவிடலாம். வாயை மூடினால் மேல்வரிசை முன்பற்கள் கீழ்வரிசையை இரண்டு மூன்று மில்லிமீட்டர் முந்தி, அதன் மேல் லேசாகக் கவிந்து நிற்க வேண்டும். கடைவாய்ப் பற்களின் மேடும் பள்ளமும் டப்பாவில் மூடி உட்காருவதுபோல் ஒன்றில் ஒன்று பொருந்த வேண்டும். முன்பற்கள் தொட்டுக்கொள்ளாமல் நடுவில் இடைவெளி விழுந்த ஒருவரைப் பாருங்கள். இட்லியில் அவருக்கு ஒரு சிக்கலும் இல்லை. சப்பாத்தியை முன்பல்லால் கடித்து இழுத்தால் வராது, வாயின் ஓரத்துக்குக் கொண்டுபோய்க் கிழிப்பார். முறுக்கை முதலிலேயே கையால் உடைத்துக்கொள்வார். சின்ன வயதிலிருந்தே பழகிவிட்டதால் இது குறை என்றே அவருக்குத் தோன்றியிருக்காது. ‘ச’, ‘ஸ’ ஒலிகளில் காற்று கசிவதை மற்றவர்கள் கவனித்துச் சொல்லியிருப்பார்கள்.

இந்தக் கோணல்களுக்கு இன்றும் பயன்படும் வகைப்பாட்டை அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் 1899இல் வகுத்தார். கடைவாய்ப்பல் எப்படிப் பொருந்துகிறது என்பதைக் கொண்டு மூன்று வகுப்புகள். ஆங்கிள் பார்த்தது பல்லை. பல்லைத் தாங்கும் எலும்பே முன்னுக்கோ பின்னுக்கோ வளர்ந்திருந்தால் என்ன செய்வது என்பதுதான் தாடை அறுவை எதிர்கொள்ளும் கேள்வி. வளர்ச்சி முடிந்த ஒருவருக்குப் பல் மட்டும் கோணலாக இருந்தால் கிளிப் போதும். எலும்பில் சின்ன வித்தியாசம் என்றால் இரண்டு பற்களை எடுத்துவிட்டு, மற்றவற்றை நகர்த்தி, கோளாறை மறைத்துவிடலாம். அது தாண்டிய வித்தியாசத்துக்குக் கிளிப் மட்டும் போட்டால் பற்கள் எலும்பை விட்டு வெளியே சாய்ந்து, ஈறு கீழிறங்கி, சில வருடங்களில் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். இந்த எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பதில் நல்ல மருத்துவர்களுக்கிடையேகூட கருத்து வேறுபடும். அதனால் முதல் ஆலோசனையிலேயே முடிவெடுத்துவிடாமல் இன்னொரு இடத்திலும் கேட்பதில் தவறில்லை.

இனி அந்தக் கோணலாகும் விஷயம். கீழ்த்தாடை முன்னே துருத்திய ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். அவருடைய உடம்பு இத்தனை வருடமும் சும்மா இருக்கவில்லை. மேல்பற்கள் முன்னோக்கிச் சாய்ந்து, கீழ்பற்கள் உள்ளே படுத்து, இரண்டும் எப்படியாவது சந்திக்க முயன்றிருக்கின்றன. எலும்பில் எட்டு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் வாயில் தெரிவது மூன்றுதான். இப்படியே அறுவை செய்தால் தாடையை மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நகர்த்த இடமிருக்காது. பற்கள் முட்டிக்கொள்ளும், துருத்தலில் பாதிக்கு மேல் அப்படியே மிஞ்சும். அதனால் கிளிப் போடும் மருத்துவர் முதலில் இந்த ஒட்டுவேலையைக் கலைக்கிறார். சாய்ந்த மேல்பற்களை உள்ளே இழுத்து, படுத்த கீழ்பற்களை நிமிர்த்தி, ஒவ்வொரு வரிசையையும் அதனதன் எலும்பின் மேல் நேராக நிற்க வைக்கிறார். மூன்றாகத் தெரிந்தது எட்டாகத் தெரிய ஆரம்பிக்கும். பக்கவாட்டுப் போட்டோவில் கீழுதடு இன்னும் முன்னே நிற்கும், மெல்லுவதும் முன்பைவிடச் சிரமமாகும்.

சிகிச்சை சரியான பாதையில் போகிறது என்பதற்கு இதுதான் அடையாளம். வீட்டில் அப்படிப் புரிந்துகொள்ள மாட்டார்கள். “காசு குடுத்து இன்னும் கோணலாக்கிட்டு வந்திருக்கியே” என்று அத்தையோ சித்தியோ ஒரு விசேஷ வீட்டில் எல்லார் முன்னாலும் கேட்பார்கள். பத்தாவது மாதத்தில் கிளிப்பைக் கழற்றச் சொல்லி நிற்பவர்களின் பின்னால் பெரும்பாலும் இப்படி ஒரு வாக்கியம் இருக்கும். நடுவில் நிறுத்தினால் நிலைமை தொடங்கியதைவிட மோசம், ஏனென்றால் பழைய ஒட்டுவேலையும் போய்விட்டது, புதிய பொருத்தமும் வரவில்லை. கிளிப் போடும் முன்பே அப்பா அம்மாவையும், திருமணமானவர் என்றால் துணையையும் உட்காரவைத்து, “ஒரு வருடம் பார்க்க நன்றாக இருக்காது” என்று வெளிப்படையாகச் சொல்லும் மருத்துவரே நல்ல மருத்துவர்.

தாடையை வெட்டும் தொழில் பழசு, பல்லைத் தயார்செய்யும் யோசனை அதைவிடப் புதுசு. 1849இல் அமெரிக்காவின் வீலிங் நகரில் சைமன் ஹல்லிஹன், தீக்காயத் தழும்பு இழுத்து நீண்டுபோன ஓர் இளம்பெண்ணின் கீழ்த்தாடையை அறுத்துச் சரிசெய்தார். இந்த வகையில் பதிவான முதல் அறுவை அதுதான். 1897இல் செயின்ட் லூயிஸில் வில்ரே பிளேர் துருத்திய தாடையை வெட்டிப் பின்னே தள்ளினார். 1957இல் ரிச்சர்ட் டிரவுனரும் ஹ்யூகோ ஒப்வெகேசரும் ஆங்கிலத்தில் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையின் போக்கையே மாற்றியது. அவர்கள் முறையில் கீழ்த்தாடையின் பின்பகுதி, வாய்க்குள்ளிருந்தே, நெடுக்காக இரண்டு தகடுகளாகப் பிளக்கப்படுகிறது. ஒரு தகட்டின் மேல் இன்னொன்றைச் சறுக்கி முன்னேயோ பின்னேயோ கொண்டுபோகலாம், எலும்போடு எலும்பு உரசியபடி இருப்பதால் சீக்கிரம் கூடிவிடும். செங்கல்பட்டு மாவட்டத்தில் இன்று நடக்கும் கீழ்த்தாடை அறுவைகளும் பெரும்பாலும் அதன் திருத்தப்பட்ட வடிவங்களே.

மேல்தாடையின் கதை வேறு. பிரெஞ்சு மருத்துவர் ரெனே லெ ஃபோர் பிணங்களின் முகத்தில் பலவிதமாக அடித்து, எலும்பு எந்தக் கோட்டில் உடைகிறது என்று பார்த்து 1901இல் எழுதிவைத்தார். மூக்கடியில் கிடைமட்டமாக ஓடும் முதல் கோட்டின் வழியாகத்தான் இன்று மேல்தாடையைப் பிரிக்கிறார்கள். விபத்தில் முகம் எப்படி நொறுங்கும் என்று அறியச் செய்த ஆராய்ச்சி, முகத்தைத் திருத்தும் வரைபடமாகிவிட்டது.

கிளிப்புக் காலத்தையே தவிர்க்க முடியாதா? முடியும் என்று ஜப்பானின் செண்டாயைச் சேர்ந்த நாகசாகா, சுகவாரா குழுவினர் 2009இல் காட்டினார்கள். முதலில் அறுவை, பிறகு கிளிப். முகம் உடனே மாறிவிடுகிறது, அறுவைக்குப் பிறகு எலும்பில் நடக்கும் வேகமான மாற்றங்களால் பல்லும் சீக்கிரம் நகர்கிறது. தமிழ்நாட்டிலும் இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பற்கள் ரொம்ப நெருக்கியடித்தோ, மேல்வரிசையும் கீழ்வரிசையும் அகலத்தில் ஒத்துப்போகாமலோ இருந்தால் இது சரிவராது. அறுவை முடிந்ததும் தாடை எந்தப் பற்களின் மேல் ஊன்றி நிற்கும் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டியிருப்பதால், திட்டமிடுகிறவரின் கணக்கு துல்லியமாக இருக்க வேண்டும். “ஆறு மாதத்தில் முடித்துவிடலாம்” என்ற விளம்பரத்தைப் பார்த்துப் போகிறவர், தன் வாய்க்கு அது பொருந்துமா என்பதை முதலில் கேட்க வேண்டும்.

அளவு எடுக்கும் வேலைக்கு வந்தால் மாமல்லபுரத்தை நினைக்காமல் இருக்க முடியாது. 1957இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரியில் இன்றும் மாணவர்கள் தாலமானம் கற்கிறார்கள். முகத்தின் நீளம் ஒரு தாலம், உடம்பின் மற்ற அளவுகள் அதிலிருந்தே வரும். முகத்தை மூன்று சம பாகமாகப் பிரிப்பார்கள்: முடிக்கோட்டிலிருந்து கண், கண்ணிலிருந்து மூக்கு நுனி, அங்கிருந்து முகவாய். தாடை மருத்துவரும் மூன்றாகத்தான் பிரிக்கிறார். அவர் கண்ணுக்குப் பதில் புருவ மத்தியில் கோடு போடுகிறார், அவ்வளவே. கடைசிப் பாகத்தை மேலும் பிரித்து மேலுதட்டுக்கு ஒரு பங்கு, கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் இரண்டு பங்கு என்று பார்க்கிறார்.

வித்தியாசம் இன்னொரு இடத்தில் இருக்கிறது. ஸ்தபதியிடம் ஒரே அளவு மட்டும் இல்லை. பெரிய தெய்வங்களுக்குப் பத்துத் தாலம், பிள்ளையாருக்கு ஐந்து என்று உருவத்துக்கு உருவம் மாறும். தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரேவை ஒரே நிலையில் எடுக்கும் கருவியை 1931இல் அமெரிக்காவில் ஹோலி பிராட்பென்ட் அறிமுகப்படுத்திய பிறகு, கோடும் கோணமும் போட்டு முகத்தை அளக்கும் முறைகள் வரிசையாக வந்தன. அறுவைக்கென்றே பர்ஸ்டனும் சகாக்களும் 1978இல் ஒன்றை வகுத்தார்கள். அவற்றின் ‘சராசரி முகம்’ பெரும்பாலும் வெள்ளை அமெரிக்கர்களிடமிருந்து எடுத்தது. நம்மூர் முகங்களில் இரண்டு வரிசைப் பற்களும் உதடுகளும் கொஞ்சம் முன்னே நிற்பது இயல்பு. அந்த அட்டவணையை அப்படியே வைத்தால் செங்கல்பட்டுப் பேருந்து நிலையத்தில் நிற்கும் பாதிப் பேருக்கு அறுவை தேவை என்று வரும். இந்தியக் கல்லூரிகள் தங்கள் மக்களை அளந்து தனி அளவுகள் எடுக்க ஆரம்பித்தது இதனால்தான். தன் கோப்பில் எந்த அளவோடு ஒப்பிட்டிருக்கிறார்கள் என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. கேட்பவர்தான் அரிது.

கடியைவிட்டு முகத்தை மட்டும் பார்க்க ஆரம்பித்தால் இது எங்கே போய் முடியும் என்பதற்குத் தென்கொரியா ஓர் உதாரணம். இரட்டைத் தாடை அறுவை அங்கே மெல்லிய முகம் வேண்டுகிறவர்களுக்கான அழகு சிகிச்சையாகவே பரவியது. 2014இல் சியோலின் கங்னம் பகுதியில் ஒரு மருத்துவமனை, நோயாளிகளிடமிருந்து வெட்டிய தாடை எலும்புத் துண்டுகளைக் கண்ணாடிக் கோபுரத்தில் நிரப்பிக் காட்சிக்கு வைத்தது. உள்ளாட்சி நிர்வாகம் தலையிட்டு மருத்துவக் கழிவுச் சட்டப்படி நடவடிக்கை எடுத்தது. நம் பக்கத்தில் அந்த அளவுக்குப் போகவில்லை. இங்கே உந்துதல் வேறு திசையிலிருந்து வருகிறது: “கல்யாணத்துக்கு முன்னாடி முடிச்சிடணும் டாக்டர்.” இந்த ஒரு வரியிலேயே ஆபத்து இருக்கிறது. நாள் குறித்தது கல்யாண மண்டபம், முகம் யாருக்காக மாறுகிறது என்பதும் பெண்ணின் வாயிலிருந்து வரவில்லை. கவனமான மருத்துவர்கள் ஒருமுறையாவது பெற்றோரை வெளியே அனுப்பிவிட்டு நோயாளியிடம் தனியாகப் பேசுவது இதற்காகத்தான். தோற்றத்தில் இல்லாத குறையைத் தினமும் கண்ணாடியில் தேடும் மனநிலை இருந்தால், மனநல மருத்துவரைப் பார்க்காமல் கத்தியை எடுப்பது சரியல்ல. எவ்வளவு நல்ல அறுவையும் அவருக்குப் போதாது.

பிரிட்டனின் பொது மருத்துவத்துறையில் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 2014இல் வந்த ஐந்து படி அளவுகோல் ஒன்று, மெல்லுதல், மூச்சு போன்ற செயல்பாட்டுக் குறை எவ்வளவு என்பதைப் பார்த்து யாருக்குச் சிகிச்சை முந்த வேண்டும் என்று தரம் பிரிக்கிறது. வரிப்பணத்தில் செய்யும்போது இப்படிக் கேட்டே ஆக வேண்டும். சொந்தப் பணத்தில் செய்கிறவரும் அதே கேள்வியைத் தன்னிடம் கேட்டுக்கொள்ளலாம். முதலில் கடி, முகம் அதன் கூட வரும் லாபம் என்று வைத்துக்கொள்கிறவர்களுக்கு ஏமாற்றம் குறைவு.

செங்கல்பட்டில் தாடைக் கோணலின் எல்லாக் கதைகளும் பிறவியிலிருந்து தொடங்குவதில்லை. ஜி.எஸ்.டி. சாலை, ஈ.சி.ஆர்., ஓ.எம்.ஆர். என மூன்று வேகச் சாலைகள் ஓடும் மாவட்டம் இது. தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை, அரசே ஏற்பதாக அறிவிப்பு. அந்த 48 மணி நேரத்தில் உயிர்தான் முக்கியம், தலைக்காயமும் வயிற்றுக்காயமும் முந்திக்கொள்ளும். தாடை முறிவு பின்னுக்குப் போய், இரண்டு மூன்று வாரம் கழித்துத் தானாகக் கோணலாகக் கூடிவிடுவது உண்டு. தாடை முறிவைப் பார்க்கும் மருத்துவரின் முதல் கேள்வி எக்ஸ்ரேக்கு முன்பே வந்துவிடும்: “பல்லு முன்ன மாதிரி ஒக்காருதா?” இல்லை என்றால் எங்கோ எலும்பு விலகியிருக்கிறது. வீட்டுக்கு அனுப்பும் முன் இதை யாரும் கேட்கவில்லை என்றால் நோயாளியின் கூட வந்தவராவது கேட்க வேண்டும். கோணலாகக் கூடிய எலும்பைப் பிறகு உடைத்துத் திருத்துவது, முதலிலேயே நேராக வைத்துத் தகடு போடுவதைவிடப் பன்மடங்கு பெரிய வேலை. விபத்து இழப்பீட்டு வழக்கில் இருப்பவர் இந்தப் பிந்திய சிகிச்சையின் தேவையையும் மருத்துவர் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

குழந்தை முகவாய் அடிபட விழுவது இன்னொரு வாசல். காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டு நொறுங்கி, சரியாகக் கவனிக்காமல் விட்டால் மூட்டே எலும்பாக ஒட்டிக்கொள்ளும். வாய் ஒரு விரல் அளவுகூடத் திறக்காது, கீழ்த்தாடை வளராது, முகவாய் உள்ளே போய்விடும். இப்படிப்பட்டவருக்கு முதலில் மூட்டை விடுவித்து, பிறகு எலும்பை மெல்ல இழுத்து நீட்டி, அதன்பின்தான் கடி. பிளவுபட்ட அண்ணத்தோடு பிறந்தவர்களில் சிலருக்கு, சின்ன வயதில் செய்த அறுவைகளின் தழும்பு மேல்தாடையின் வளர்ச்சியைத் தடுத்துவிடும். இருபது வயதை நெருங்கும்போது மேல்தாடையை முன்னே கொண்டுவர வேண்டிவரும். அவர்களுக்கு அதைச் செய்யும்போது பேச்சு மூக்கில் அடிக்கும் ஆபத்தும் இருப்பதால் பேச்சுப் பயிற்சியாளரையும் முன்பே பார்ப்பது வழக்கம்.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. எலும்பு வளர்ந்து முடியும் முன் வெட்டினால், குறிப்பாகத் துருத்திய கீழ்த்தாடையை, வெட்டிய பிறகும் அது வளர்ந்துகொண்டே போகும். பெண்களுக்குப் பதினாறு பதினேழு, ஆண்களுக்குப் பதினெட்டு தாண்டி என்பது பொதுவான கணக்கு. கீழ்த்தாடை துருத்தியவர்களுக்கு இன்னும் தாமதமாகலாம். ஆறு மாதம், ஒரு வருடம் இடைவெளியில் எடுத்த இரண்டு பக்கவாட்டு எக்ஸ்ரேக்கள் ஒன்றாகப் பொருந்தினால்தான் வளர்ச்சி நின்றது என்று நம்பலாம். இதற்கு நேர்மாறாக, எட்டு முதல் பன்னிரண்டு வயதுவரை ஒரு வாய்ப்பு திறந்திருக்கிறது. அந்த வயதில் கழற்றி மாட்டும் கருவிகளாலேயே வளர்ச்சியைக் கொஞ்சம் திருப்பிவிட முடியும். “பால்பல் எல்லாம் விழட்டும், அப்புறம் பாத்துக்கலாம்” என்று தள்ளிப்போட்டதால் அறுவை வரை வந்தவர்கள் உண்டு. எல்லாரும் அப்படி அல்ல. பரம்பரையாக வரும் பெரிய தாடையை எந்தக் கருவியும் நிறுத்தாது.

அறுவைக்கு முந்திய சில வாரங்களில் வேலை வேகம் பிடிக்கும். கீழ்த்தாடையைப் பிளக்கும் கோடு ஞானப்பல் இருக்கும் இடத்தின் வழியாகவே போகிறது. அதனால் பல அறுவை மருத்துவர்கள் அந்தப் பல்லை ஆறு மாதம் முன்பே எடுத்துக் குழி எலும்பால் நிரம்பக் காத்திருப்பார்கள், சிலர் அறுவையின்போதே எடுத்துவிடுவார்கள். கிளிப்பின் கம்பி தடிமனானதாக மாறி, ரப்பர் மாட்டச் சின்னச் சின்னக் கொக்கிகள் ஏறும். பிறகு மாவு வைத்து அளவு எடுப்பார்கள், அல்லது வாய்க்குள் ஸ்கேனர் ஓட்டுவார்கள். அந்த அச்சில் வார்த்த மாடலை வெட்டி, நகர்த்தி, மெழுகில் ஒட்டிப் பார்ப்பது பழைய முறை. கணினித் திரையில் முப்பரிமாண ஸ்கேனை வெட்டிப் பார்ப்பது புதிய முறை. இரண்டிலும் கடைசியில் கையில் வருவது ஒன்றுதான்: பற்களின் அச்சு இரண்டு பக்கமும் பதிந்த, ஒளி ஊடுருவும் மெல்லிய பிளாஸ்டிக் வில்லை. ஸ்பிளின்ட் என்பார்கள். அறுவை அரங்கில் எலும்பை எங்கே நிறுத்துவது என்பதை இந்த வில்லைதான் தீர்மானிக்கிறது. இரண்டு தாடை அறுவையில் இரண்டு வில்லைகள். முதலாவது மேல்தாடையை நிறுத்த, இரண்டாவது கடைசிக் கடிக்கு. “கடி பொருந்துமா?” என்று பயப்படுகிறவர், அறுவைக்கு முன் ஒருமுறை அந்த வில்லையைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். கேட்டால் காட்டுவார்கள். திரையில் காட்டும் ‘அறுவைக்குப் பின்’ படத்தை மட்டும் வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எலும்பு கணக்குப்படி நகரும், உதடும் கன்னமும் அதே கணக்கில் வராது.

இரத்தப் பரிசோதனையை வெறும் சடங்காக நினைப்பவர்கள் அதிகம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை. மேல்தாடை அறுவையில் இரத்த இழப்பு கணிசமாக இருக்கும். மயக்க மருத்துவர் இரத்த அழுத்தத்தைக் குறைத்து வைத்து அதைக் கட்டுப்படுத்துவார். ஆனால் ஆரம்பத்திலேயே ஹீமோகுளோபின் குறைவு என்றால் தேதி தள்ளிப்போகும். இரண்டு மூன்று மாதம் முன்பே பார்த்து, இரும்புச்சத்து மாத்திரையில் ஏற்றிக்கொண்டு வந்தால் கல்லூரி விடுமுறையை இழக்க வேண்டியதில்லை. சிகரெட், ஹான்ஸ் வகையறாவை முன்பே நிறுத்த வேண்டும். புகையிலையும் பாக்கும் காயம் ஆறுவதைக் கெடுப்பதோடு, பாக்கு பழக்கம் கன்னத்தின் உட்புறத்தை நாராக்கி வாயைத் திறக்கவே விடாமல் செய்யும். குறட்டை விடுகிறவர் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பெரிய கீழ்த்தாடையை ரொம்பப் பின்னே தள்ளினால் நாக்கும் கூடவே போய் மூச்சுப்பாதை குறுகும். கீழ்த்தாடையை மட்டும் தள்ளாமல், மேல்தாடையை முன்னே கொண்டுவந்து சுமையைப் பங்கிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எந்த நகர்வு நிலைக்கும், எது திரும்பி வரும் என்பதையும் முன்பே கேட்கலாம். அமெரிக்காவின் வட கரோலினாவில் வில்லியம் புரோஃபிட் குழுவினர் ஏராளமான நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 1996இல் ஒரு வரிசை தந்தார்கள். மேல்தாடையை மேலே தூக்குவது நன்றாக நிலைக்கும். கீழ்த்தாடையை முன்னே கொண்டுவருவதும் பெரும்பாலும் நிலைக்கும். கீழ்த்தாடையை மட்டும் பின்னே தள்ளுவது, மேல்தாடையைக் கீழே இறக்குவது, அகலப்படுத்துவது ஆகியவை அவ்வளவு நம்பகமில்லை.

பிறகு வீடு. முதல் சில வாரம் வாயைக் கம்பியாலோ ரப்பராலோ கட்டியிருப்பார்கள். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். கண்ணாடியைப் பார்த்து அழாதவர் குறைவு. உணவு முழுக்கத் திரவம். பெரிய சிரிஞ்சின் முனையில் மெல்லிய ரப்பர் குழாயை மாட்டி, கன்னத்துக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் இடையே நுழைத்து மெல்ல அழுத்த வேண்டும். அரிசிக்கஞ்சி, ராகிக்கூழ் எல்லாம் இருமுறை வடிகட்டியே வர வேண்டும், ஒரு பருக்கை தப்பினாலும் குழாய் அடைத்துக்கொள்ளும். கஞ்சியால் மட்டும் புண் ஆறாது, புரதம் வேண்டும். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு வழி கையிலேயே இருக்கிறது. முள்ளில்லாமல் உதிர்த்த வெந்த மீனை மிக்ஸியில் ரசத்தோடு அடித்து வடிகட்டினால் சிரிஞ்சில் இறங்கும். சைவர்களுக்குப் பருப்புத் தண்ணீரும் பாலும் மோரும். கம்பியால் கட்டியிருந்தால் கம்பி வெட்டும் கருவி தலைமாட்டில் இருக்க வேண்டும், வாந்தி வந்தால் எதை வெட்டுவது என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். இதை டிஸ்சார்ஜ் அன்று அவசரத்தில் கேட்பதைவிட, அட்மிஷனுக்கு முந்திய வாரமே செய்து பார்த்துவிடலாம். கீழுதடும் முகவாயும் மரத்துப்போவது பெரும்பாலோருக்கு நடக்கும். மாதங்கள் ஆகி மீளும், சிலருக்கு ஒரு பகுதி மரத்தே நின்றுவிடும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் இந்த ஒரு வரியை வாசித்தாக வேண்டும்.

கட்டை அவிழ்த்த அன்று கடி அந்நியமாகத் தோன்றும். இருபது வருடம் பழகிய தாடை, புதிய இடத்தைத் தேடித் தடுமாறும். லேசான தடுமாற்றத்தை ரப்பரும் அடுத்த ஆறு மாதக் கிளிப்பும் சரிசெய்துவிடும். ஆனால் ஒரு பக்கம் தொட்டு மறுபக்கம் தொடாமலோ, முன்பற்களுக்கிடையே திடீர் இடைவெளி விழுந்தோ இருந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது. மூட்டு குழிக்குள் சரியாக உட்காராமல் தகடு போட்டிருந்தால் இப்படி நடக்கும். முதல் சில நாட்களிலேயே கண்டுபிடித்தால் திருத்துவது எளிது.

பணமும் காலமும் கடைசியில் பேசவேண்டியவை அல்ல, ஆனால் பலர் கடைசியில்தான் பேசுகிறார்கள். கல்லூரி மருத்துவமனைகளில் செலவு தனியார் கிளினிக்கைவிடக் குறைவு. அதற்கு ஒரு விலை உண்டு. கிளிப்பைக் கவனிப்பவர் மேற்படிப்பு மாணவர். அவருடைய படிப்பு மூன்று வருடம், நோயாளியின் சிகிச்சை முன்னும் பின்னும் சேர்த்து இரண்டரை வருடம்வரை. இரண்டாம் வருட மாணவரிடம் தொடங்கினால் அறுவைக்கு முன்போ பின்போ அவர் படிப்பு முடித்துப் போய்விடுவார், அடுத்தவர் கோப்பைப் பார்த்துத் தொடர்வார். திட்டம் துறைப் பேராசிரியர் பெயரில் எழுத்தில் இருந்தால் இது பெரிய குறையில்லை. எக்ஸ்ரே, ஸ்கேன் சிடி, போட்டோ, திட்டக் குறிப்பு எல்லாவற்றிலும் ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொண்டால் யார் மாறினாலும் சமாளிக்கலாம். மாதம் ஒருமுறை தினக்கூலியை விட்டுவிட்டுக் கடற்கரைக் குப்பத்திலிருந்து பஸ் ஏறி வருவதும் செலவுதான். அறுவைத் தொகையை மட்டும் கணக்கிடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

காப்பீடு தனி வழக்கு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கான முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை உண்டு. தாடை அறுவை அதில் எந்தப் பெயரில் அடங்கும், அடங்குமா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் கிளிப் போடும் முன்பே கேட்டுவிட வேண்டும். கிளிப்புச் செலவு பெரும்பாலும் கையிலிருந்துதான் போகும். தனியார் பாலிசிகளில் அழகுக்கான அறுவைக்குப் பொதுவான விலக்கு இருக்கிறது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்திய சீரமைப்பும், உடல்நலத்துக்கு அவசியம் என்று மருத்துவர் சான்றளிப்பதும் அந்த விலக்கில் வராது. அதனால் முன்அனுமதி விண்ணப்பத்தோடு போகும் கடிதத்தில் நோயாளி எதை மெல்ல முடியவில்லை, பேச்சிலும் தூக்கத்தில் மூச்சிலும் என்ன சிக்கல், முன்பற்களுக்கிடையே எத்தனை மில்லிமீட்டர் வித்தியாசம் என்பவை எண்களோடு இருக்க வேண்டும். அந்த எண்கள் சிகிச்சை தொடங்கும் முன் எடுத்த மாடலிலிருந்து வர வேண்டும். கிளிப் போட்டபின் வித்தியாசம் கூடிவிடுவதால், பிறகு எடுத்த அளவை மட்டும் காட்டினால் ஆய்வு செய்யும் அதிகாரி அதைச் சிகிச்சையால் வந்த கோளாறு என்று திருப்பி அனுப்ப இடமிருக்கிறது.